வேதாசலத்தின் வெண்பாவும் ஏழு குடம் தண்ணீரும்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷமாகக் கிளார்க்காக இருந்த வேதாசலத்துக்கு உலகத்தில் இரண்டே இரண்டு பகைவர்கள். ஒருவன், காலைச் சங்கு ஊதிய பிறகு கேட்டுக்குள் நுழைகிறவன். மற்றவன், புதுக்கவிதை எழுதுகிறவன். முதலாமவனுக்கு அரை நாள் லீவு போட்டுத் தண்டிக்கலாம். இரண்டாமவனை என்ன செய்வது என்று ரயில்வே விதிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை.

மனுஷன் வெண்பாப் பைத்தியம். காட்பாடிப் பக்கத்திலிருந்து பாய்லர் வேலைக்கு வந்த அப்பாவுக்கு ஹைதராபாத்தில் பிறந்து, தெலுங்கிலும் உருதுவிலும் சண்டை போட்டு வளர்ந்தவர், தபால் வழியில் தமிழ் யாப்பு படித்துத் தேறினார். படித்ததோடு விட்டாரா? பொது மேலாளர் வந்தால் வெண்பா, கேன்டீன் உப்புமாவில் பல்லி விழுந்தால் வெண்பா, யாராவது ரிட்டயர் ஆனால் பன்னிரண்டு வெண்பா. பிரிவுபசார விழாவில் இவர் சட்டைப்பைக்குள் கையை விட்டதுமே முதல் வரிசை டீ குடிக்க எழுந்துவிடும், இரண்டாவது வரிசை அதைத் தேடிக்கொண்டு போகும். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு ஜீவன்தான் ஓட முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஐம்பத்தைந்து வயதாகியும் அவர் எழுதிய வெண்பா ஒன்றுகூட எங்கும் அச்சானதில்லை. சாவதற்குள் ஒரு பத்திரிகையில் 'வேதாசலம்' என்ற பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

அவர் மனைவி காஞ்சனாவுக்கு இதில் எந்தக் கட்சியும் கிடையாது. அவள் உப்பலில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எப்போதும் இரண்டாவது ஷிப்டு. அவர் காலை ஏழுக்குக் கிளம்பும்போது அவள் தூங்குவாள். அவள் மதியம் ஒன்றுக்குக் கிளம்பும்போது அவர் ஆபீஸில். அவள் திரும்புவதற்குள் அவர் குறட்டைக்குப் போய்விடுவார். ஒரே மகள் நீலாவும் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்கள் புருஷன் பெண்சாதி. மற்ற ஆறு நாளும் சமையலறைக் காலண்டருக்குக் கீழே அடித்த ஒரு ஆணிதான் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை. சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி அவள் அந்த ஆணியில் குத்திவிட்டுப் போவாள். அவர் வந்து படிப்பார்.

அட்டை எப்படி வந்தது என்றால், டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தொழிலாளர்கள் வந்த நேரமும் போன நேரமும் குறிக்கிற பழைய அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போடச் சொன்னார்கள். வேதாசலம் அனுமதி வாங்கிச் சைக்கிள் கேரியரில் நாலு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். கெட்டி அட்டை. ஒரு பக்கம் வழவழவென்று வெறுமை. மறு பக்கத்தில் தலையில் ஒரு டிக்கெட் எண், அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் நேரம் குறிக்காத காலிக் கட்டங்கள். காஞ்சனா சூப்பர்வைசர் இல்லையா, கட்டத்தைக் கண்டால் கட்டத்துக்குள்தான் எழுதுவாள். எழுத்து கோட்டைத் தாண்டாது. ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு வார்த்தை, அடுத்த வரி. படித்து முடித்த அட்டையை வேதாசலம் எறிய மாட்டார். திருப்பிப் போட்டு, வழவழப் பக்கத்தில் முத்து முத்தாக ஒரு வெண்பா எழுதிவிடுவார்.

2001 ஜூன் மாதம் தார்னாகா தமிழ் நூலகத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. 'முட்டுச்சந்து' என்ற சிற்றிதழுக்குப் படைப்புகள் தேவை. எழுபது பிரதி அச்சாகிற பத்திரிகை, அதில் முப்பது பிரதி ஆசிரியரின் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும் என்பதெல்லாம் வேதாசலத்துக்குத் தெரியாது. பத்திரிகை என்றால் பத்திரிகை. தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வெண்பாக்களை அட்டையோடு உறையில் போட்டு, ஹப்சிகுடா விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து இதழ் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தார். பதினொன்றாம் பக்கத்தில் 'வேதாசலம் கவிதைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

டிக்கெட் எண் 4417

நேத்து
தண்ணி
பிடிக்கல.
ஒரு குடம்தான்
இருக்கு.
அது உங்களுக்கா
எனக்கா?

அதற்குக் கீழே இன்னொன்று.

டிக்கெட் எண் 2093

பருப்பு இருக்கு.
உப்பு
போட்டேனா
போடலியான்னு
தெரியல.
பாத்துக்குங்க.

இப்படிப் பன்னிரண்டு. வெண்பா ஒன்றுகூட இல்லை. வேதாசலம் இதழைக் கீழே போட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். முப்பது வருஷம் எந்தக் கூட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டாரோ அந்தக் கூட்டத்தின் பதினொன்றாம் பக்கத்தில், அவர் பெயரோடு, அவர் வீட்டுப் பருப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சண்டைக்குக் கிளம்பினார். ஹப்சிகுடாவில் ஒரு மாடி வீடு. ஆசிரியர் பத்மநாபன் பொள்ளாச்சிக்காரன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, இருபத்தாறு வயது. கதவைத் திறந்தவன் இவர் பெயரைக் கேட்டதும் செருப்பில்லாமல் படிக்கட்டு வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஏழெட்டுப் பேர். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், சௌம்யா என்று பெயர், நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். விமரிசகியாம். அவளும் சாப்ட்வேர்தான்.

"சார், அந்த ஒரு குடம். நான் மூணு நாள் தூங்கலை சார்" என்றாள்.

"அந்தத் தண்ணி விஷயமாத்தான்மா வந்தேன்" என்றார் வேதாசலம். "அட்டைக்குப் பின்னாடி..."

"பாத்தோமுங்க சார்" என்றான் பத்மநாபன். "பின்னாடி வெண்பா எழுதியிருக்கீங்க. அதைப் பாத்துத்தான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதுங்க. மரபோட முதுகு மேல ஏறி உக்காந்து நவீனத்தை எழுதறது. இந்த மாதிரி யாருமே செஞ்சதில்லீங்க."

"கையெழுத்துகூட ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற. பழைய மனுஷன் ஒருத்தன், புது மனுஷன் ஒருத்தன். அதை மட்டும் வச்சு நாலு பக்கம் எழுதியிருக்கேன் சார்" என்றாள் சௌம்யா.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வேதாசலம் வாயைத் திறந்தார். திறந்தவர் எதிரே பார்த்தார். எட்டுப் பேர். ஒருவர்கூட டீ குடிக்க எழுந்து போகவில்லை. டீ எதிரிலேயே ஆறிக்கொண்டிருந்தது, அதைக்கூட யாரும் தொடவில்லை. அவர் மூச்சு விட்டால் சௌம்யா அதையும் குறித்துக்கொள்வாள் போலிருந்தது. முப்பது வருஷம் முதல் வரிசையின் முதுகையே பார்த்துப் பழகிய மனுஷன், என்னதான் செய்வார் பாவம்.

"குடம்னா வெறும் குடமில்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே வழுக்குப் பாறைதான்.

அடுத்த பங்குனிக்குள் புத்தகம் கொண்டுவரலாம், நாற்பது கவிதை வேண்டும் என்றான் பத்மநாபன். அச்சான பன்னிரண்டையும் சேர்த்து, வீட்டில் தேடியதில் பதினேழுதான் தேறியது. பாக்கி இருபத்துமூன்றுக்கு எங்கே போவது? காஞ்சனாவிடம் கவிதை எழுது என்றால் எழுதுவாளா? அவளுக்குக் கோபம் வந்தால்தான் எழுத்து நன்றாக வருகிறது என்பதை வேதாசலம் அட்டைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வரவைப்பதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டார்.

குவார்ட்டர்ஸில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு குடமும் பிடித்து வைப்பது அவர் வேலை. பிடிக்காமல் விட்டார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே திண்டில் உட்கார்ந்திருந்தார். காஸ் புக் செய்யவில்லை. பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எடுக்கப் போன கையை அவரே அதட்டி இழுத்துக்கொண்டார். மறுநாள் ஆணியில் கிடைத்தது.

மழை
வந்துச்சு.
துணி
நனஞ்சுது.
நீங்க
நனையல.

பத்மநாபன் இதைப் படித்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்ச் சற்று நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தான்.

நடுவில் ஒருநாள் வேதாசலத்துக்கே மனசு கேட்கவில்லை. ஏழு குடமும் பிடித்து, மூடி, தரையையும் துடைத்து வைத்தார். மறுநாள் 'தண்ணி / பிடிச்சிருக்கீங்க. / சந்தோஷம்' என்று அட்டை வந்தது. அதையும் கொண்டுபோய்க் காட்டினார். பத்மநாபன் முகத்தைச் சுளித்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இதுல செண்டிமெண்ட் வந்துடுச்சுங்க. நவீனத்துவத்துக்கும் சந்தோஷத்துக்கும் ஆகாதுங்க சார். நீங்க கொஞ்சம் கீழ எறங்கிட்டீங்களோன்னு பயமா இருக்குங்க."

ஒரு மனைவியின் சந்தோஷம் ஆசிரியர் குழுவால் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேதாசலம் அதன் பிறகு குழாய்ப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருப்பதில்லை. ஹப்சிகுடாவில் கூட்டம். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் சந்தனப் பவுடருமாகக் கிளம்பிவிடுவார்.

அட்டைகள் வரவரச் சுருங்கின. ஏழு வரி நான்கானது. நான்கு இரண்டானது. 'பால் / இல்ல.' 'மறுபடி / இல்ல.' ஒருநாள் ஒரு கட்டத்தில் வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தது. சௌம்யா அதற்கு ஆறு பக்கம் எழுதினாள்.

பக்கத்து வீட்டு ஜுலைகா ஆம்பூர்க்காரி, பேச்சில் உருது கலக்கும். அவள் வீட்டுக்காரரும் ஒர்க்‌ஷாப்தான். ஒருநாள் குழாயடியில் வேதாசலத்தை மடக்கினாள்.

"அண்ணே, கைக்கு, ஏன் இப்டி பண்றீங்க? தண்ணி வந்து ஓடிக்கினே இருக்குது, நீங்க பாத்துக்கினே குந்தியிருக்கீங்க. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அண்ணி எங்கிட்ட ரெண்டு குடம் கேக்குது. ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு காரியமா இருக்கேன்."

"இன்னா காரியமோ. நக்கோ அண்ணே, வேணாம், இது நல்லதுக்கு இல்ல."

நாற்பதாவது கவிதை பங்குனி முதல் வாரம் வந்தது. 'ஞாயிறு / வீட்ல / இருங்க. / பேசணும்.' அச்சகத்தில் பக்கம் கட்டுகிற நேரத்தில் ஓடிப்போய்க் கொடுத்தார். 'பேசணும் என்ற சொல்லில் மொழி தன்னையே வேண்டி நிற்கிறது' என்று சௌம்யா முன்னுரையில் ஒரு வரி சேர்த்தாள். நாற்பது பிடித்த நிம்மதியில் வேதாசலம் அந்த அட்டை தனக்கு வந்தது என்பதையே மறந்துபோனார். புத்தக வெளியீடு அதே ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டு, மூன்று மணிக்குச் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்தார். காஞ்சனாவைக் காணோம், கோயிலுக்குப் போயிருப்பாள். ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்று மகிழ்ந்துபோனார். மேடையில் புதிதாக ஒன்று வாசிக்க வேண்டும் என்று பத்மநாபன் ஏற்கெனவே கேட்டிருந்தான். நேரமாகிவிட்டது. படிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

தார்னாகாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். முதல் வரிசை நிறைந்திருந்தது. மாலை போட்டார்கள். ரிட்டயர் ஆகாமலே மாலை விழுவது வேதாசலத்துக்கு அதுதான் முதல் தடவை. மைக்கைப் பிடித்தார். "இன்னும் ஈரம் காயாத கவிதை" என்று சொல்லி அட்டையை எடுத்தார். தலைப்பை வாசித்தார்.

"டிக்கெட் எண் 3360."

ஹால் அடங்கியது.

"என் சாவி..."

அடுத்த வரிக்குக் கண் போனது.

"ஜுலைகா கிட்ட."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் அட்டையில் உள்ளதை உள்ளபடி வாசித்தே பழகியவர்.

"நான்... காட்பாடி."

"போறேன்."

"தண்ணி... இனிமே... உங்க இஷ்டம்."

வேதாசலம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. மறுபடி திருப்பினார். அந்த இடைவெளியும் கவிதையில் சேர்த்தி என்று நினைத்து அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது கவிதை இல்லைங்க" என்றார். "நான் எழுதல. எதையுமே நான் எழுதல. என் சம்சாரம் எழுதினது. அது போயிடுச்சு."

கைத்தட்டல் எழுந்தது பாருங்கள், வெளியே மரத்தில் இருந்த காக்கை எல்லாம் பறந்துபோயிற்று. சௌம்யா எழுந்து நின்று தட்டினாள். படைத்தவனே படைப்பை மறுக்கிற இடத்துக்கு மேல் நவீனத்துவத்தில் போக இடமில்லை என்று பத்மநாபன் பக்கத்தில் இருந்தவனிடம் கண் கலங்கச் சொன்னான். "நெஜமா போயிட்டா தம்பி" என்று வேதாசலம் மைக்கிலேயே கத்தினார். கைத்தட்டல் இன்னும் பலத்தது. மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் இறங்கி நடந்தார். அதற்கும் தட்டினார்கள்.

ஜுலைகா வாசலில் சாவியோடு நின்றிருந்தாள். மாலையைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் லீவு எழுதிக் குடுத்துட்டு தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்குது. நீங்க வேற வூடு வச்சிருக்கீங்கன்னு நெனச்சுது அண்ணி. நான் இல்லன்னேன். கேக்கல."

"வேற வீடா? நானா?"

"பின்ன, ஞாயித்துக்கெழமை ஆனா பவுடர் போட்டுக்கினு போனா? அத வுடுங்கண்ணே. வருசக்கணக்கா அந்த ஆணில எழுதி வச்சுக்கினே இருந்துச்சே, ஒரு நாளாச்சும் நீங்க பதிலுக்கு ஒரு வரி எழுதினீங்களா?"

"எழுதினேனே. பின்பக்கம் பூரா எழுதியிருக்கேனே."

"ஹவ், ஆமா. அது யாருக்கு?"

வேதாசலம் அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் போய், கழுத்தில் மாலையோடே சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு ஓர் அட்டையை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டம் போட்ட பக்கத்தில் எழுதப் போனார். கை கேட்டால்தானே? முதல் அட்டையில் எதுகையோடு வந்து நின்றது. கிழித்தார். இரண்டாவது மோனையோடு வந்தது. மூன்றாவது, எங்கேயோ சுற்றி, பொல்லாத வழக்கம், வெண்பாவாகவே முடிந்துவிட்டது. ஒன்பது அட்டை கிழித்தார். செவ்வாய்க்கிழமை மாலை ஆபீஸிலிருந்து ஓட்டமாக வந்து குழாயடியில் நின்றார். பத்தாவது அட்டையை அதன் பிறகுதான் எழுதினார்.

தண்ணி
பிடிச்சு
வச்சுட்டேன்.
நீ வா.

காட்பாடிக்குத் தபாலில் போட்டார். புதன் போனது, வியாழன் போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் பிடித்தார், பழசைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார். அடுத்த திங்கட்கிழமை மாலை ஓர் உறை வந்தது. உள்ளே அவர் அனுப்பிய அதே அட்டை. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாளோ என்று பயந்தார். திருப்பினார். அவர் இத்தனை காலம் வெண்பா எழுதி வந்த வழவழப் பக்கத்தில், கட்டமே இல்லாத இடத்திலும் கோணாமல், காஞ்சனா எழுதியிருந்தாள்.

எத்தனை
குடம்?

அந்த நேரம் பார்த்துப் பத்மநாபன் வாசலில் வந்து நின்றான். இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வந்தவன். அட்டையை எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் வெளிச்சமாகிக் கையை நீட்டினான்.

"சார், இது எல்லாத்தையும் தாண்டிடுச்சுங்க."

வேதாசலம் அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். குழாயில் காற்று புஸ்ஸென்று சீறியது, மணி ஐந்து. சமையலறையை எட்டிப் பார்த்து எண்ணினார். ஆறு நிறைந்திருந்தது. ஏழாவது குடம் காலி.

"தம்பி, அந்தக் குடத்தை எடுத்துக் குழாயில வைங்க" என்றார். "நெறைஞ்சதும் சொல்லுங்க, நான் ஏழுன்னு எழுதணும்."